உண்டி குறைதலும் உளநூல் அளவுகோலும்

செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் கான் வான் யிங்கும் அவருடன் ஆய்ந்த மூவரும் 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். 18 முதல் 24 அகவை வரையுள்ள பல்கலைக்கழக மாணவர் 584 பேர் அதற்கு விடையளித்தனர். அவருள் நூற்றுக்கு 59.4 பேர் பெண்கள். மெலிவே அழகு எனச் சுற்றமும் நட்பும் விளம்பரமும் ஓயாது ஓதும் ஓதல், உண்ணும் முறையை எவ்வழியாகக் கெடுக்கிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. ஆடவரிடத்து அவ்வோதல் நேராகவும், மனத்துயர் வழியாகவும் என இருவகையாற் சென்று உணவைத் தாக்குகிறது. பெண்டிரிடத்தோ நேர்வழி காணப்படவில்லை. மனத்துயர் என்னும் இடைவழி ஒன்றே காணப்பட்டது. இது சிறிய முடிபன்று. உணவைக் குறைத்தும், பின் வரம்பின்றி உண்டும், உண்டதைக் கக்கியும் வருந்தும் பெண்ணை, விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்கிய பேதை என்று எள்ளுவார்க்கு இம்முடிபு தக்க மறுப்பாகும். அவள் மயங்கினாளல்லள், வருந்தினாள்.

ஆயினும் இவ்வாய்வை அப்படியே ஏற்றுக்கொள்ளுமுன் இரண்டு தடைகளை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். ஒன்று, துயர் முந்தியதா, உணவுக் கோளாறு முந்தியதா என்பது. மற்றொன்று, துயர் என்பதை எந்தச் சொல்லால் கேட்டு, எந்தச் சொல்லால் விடை பெற்றனர் என்பது. முன்னது உளநூலார்க்கு உரியது. பின்னது தமிழாசிரியர்க்கும் உரியது. இங்கு விரித்துரைக்கப்படுவதும் அதுவே.

முதல் தடையைச் சுருங்கக் கூறலாம். ஒரே வேளையில் ஒரு படிவத்தைக் கொடுத்து விடை பெறும் ஆய்வு எதுவும் காரணத்தையும் காரியத்தையும் பிரித்துக் காட்டமாட்டாது. இதற்கு அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீய்சு நடத்திய பட்டினி ஆராய்ச்சி நல்ல சான்று. 1944-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அவ்வாராய்ச்சிக்கு, மனச்சான்றின் பொருட்டுப் போர்ப்பணியை மறுத்த 36 இளைஞர் தாமே முன்வந்தனர். உடலும் உள்ளமும் உரம் பெற்றவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்கள். 24 வாரம் அவர்க்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. குறையக் குறைய அவர்கள் சினந்தனர், சோர்ந்தனர், தனித்திருக்க விரும்பினர், ஓயாது உணவையே எண்ணினர். முன்பு அடுக்களைப் பக்கம் எட்டிப் பாராதவர் சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். கட்டு நீங்கிய பின்னரும் சிலர் வயிறு நிறைந்ததை உணராது மேலும் மேலும் உண்டனர். 1950-இல் இரு பெருந் தொகுதிகளாக இவை யாவும் வெளிவந்தன. ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், உண்ணாமையால் விளையும் உணர்வுக் கலக்கத்தைப் பின்னர் வந்தோர் பலர் பெண்ணின் இயல்பாகவே எழுதிவைத்தனர் என்பதாம். ‘உணர்ச்சிவயப்பட்டவள், ஆதலால் உண்ணவில்லை’ என்று குறிப்பெழுதிய மருத்துவர், ‘உண்ணவில்லை, ஆதலால் உணர்ச்சிவயப்பட்டாள்’ என்று மாற்றிப் படித்துப் பார்த்தாரல்லர். மின்னசோட்டாவில் வருந்திய முப்பத்தறுவரும் ஆடவர் என்பதை மறத்தலாகாது.

உளநூலார் இவ்வுறவை ஆராய்ந்த வரலாறும் சிறிது அறியத்தக்கது. 1957-இல் காப்லன் என்னும் பெயருடைய இருவர், கவலையைத் தணிக்கவே சிலர் மிகுதியாக உண்கின்றனர் என்னும் கருத்தைத் தொகுத்துரைத்தனர். செருமனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய மருத்துவர் ஹில்டே புரூக், 1973-இல் வெளியிட்ட தம் பெருநூலில் இன்னும் ஆழ்ந்து சென்றார். குழந்தை பசியால் அழுதாலும், அச்சத்தால் அழுதாலும், ஈரத்தால் அழுதாலும் ஒன்று போலவே வாயில் பாலைப் புகட்டினால், பசி வேறு துயர் வேறு எனப் பகுத்தறியும் திறன் வளராது போகும் என்பது அவர் கொள்கை. அருமையான கொள்கை, ஆயினும் பழி முழுவதும் தாயின் தலையிலேயே விழுகிறது. தந்தையென ஒருவர் அவ்வீட்டில் இருந்தாரா என்றே ஐயம் எழும். 1975-இல் ஹெர்மனும் மாக்கும் கல்லூரிப் பெண்டிரிடம் செய்த சோதனை வேறு வழி காட்டிற்று. முதலில் பாற்கலவை ஒன்றைப் பருகச் செய்து, பின்னர்ப் பனிக்குழைவை வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றனர். உணவைக் கட்டுப்படுத்தாதோர் பால் பருகியபின் குறைவாக உண்டனர். நாள்தோறும் உணவை அளந்துண்ணும் நோன்புடையோரோ, பால் பருகியபின் மிகுதியாக உண்டனர். கரை உடைந்தது, இனி எவ்வளவு பாய்ந்தால் என்ன என்னும் மனநிலை அது. 1991-இல் ஹெதர்ட்டனும் பௌமைசுட்டரும், தன்னைத் தானே கடுமையாக மதிப்பிட்டுக்கொண்டிருக்கும் மனம் அம்மதிப்பீட்டினின்று தப்பியோடும் வழியே அளவிறந்த உண்டல் என்றனர். இவற்றுள் ஹெர்மன் கூட்டத்தார் கண்டதே உறுதியானது எனலாம். அவர் கண்டது செய்கையை. ஏனையோர் கேட்டது சொல்லை.

சொல்லைக் கேட்பதில் உள்ள இடர் இனி ஆராயத்தக்கது.

உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படும் படிவங்கள் இரண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் கார்னரும் கார்பிங்கலும் 1979-இல் நாற்பது வினாக்களோடு அமைத்து, 1982-இல் இருபத்தாறாகச் சுருக்கிய உணவு மனப்பான்மைச் சோதனை ஒன்று. நெதர்லாந்தில் வான் ஸ்ட்ரீனும் பிறரும் 1986-இல் அமைத்த 33 வினாக்கள் கொண்ட உண்ணும் நடத்தைப் படிவம் மற்றொன்று. முன்னதில் 20 எண்ணோ அதற்கு மேலோ பெற்றவரை மேலும் ஆராயவேண்டும் என்பர். பின்னதில் 13 வினாக்கள் உணர்ச்சியால் உண்பதைப் பற்றியன: எரிச்சலுற்றபோது, தனித்திருக்கும்போது, சலிப்புற்றபோது, ஏமாற்றமுற்றபோது உண்ண விருப்பம் எழுகிறதா என வினவுவன.

சுபாங் ஜெயாவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் கையில் முதற் படிவத்தைக் கொடுப்பதாக எண்ணிப் பார்க்கலாம். பசித்தபோதும் உண்ணாதிருப்பதுண்டா என்பது ஒரு வினா. கந்த சட்டி ஆறு நாளும் நோன்பிருப்பவள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப் பல நாள் முன்னரே உணவைச் சுருக்கியவள், வெள்ளிதோறும் ஒருவேளை உண்பவள் ‘உண்டு’ என்றே எழுதுவாள். வயிறு வெறுமையாக இருத்தலை விரும்புவதுண்டா என்பது மற்றொன்று. அதற்கும் நோன்பின் தூய்மையை நினைந்து ‘உண்டு’ என்பாள். மிக மெலிந்துவிட்டதாகப் பிறர் கருதுகின்றனரா, இன்னும் உண்ணவேண்டும் எனப் பிறர் வற்புறுத்துகின்றனரா என்பன வேறு இரண்டு. கிள்ளானிலிருந்து வரும் அத்தை வாயிலில் கால் வைத்ததும் ‘ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?’ என்று கேட்பது அன்பின் வாய்பாடு. எண்பது கிலோ எடையுள்ளவளையும் அத்தை அப்படித்தான் கேட்பார். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ’ என இலையில் சோற்றைச் சரிப்பது விருந்தோம்பலின் இலக்கணம். இவ்வினாக்கள் எல்லாவற்றுக்கும் மெய்யே உரைத்த அப்பெண், உடலிலும் உள்ளத்திலும் யாதொரு குறையும் இன்றியே இருபது எண்ணை நெருங்கிவிடக் கூடும். உணவைச் சிறுசிறு துண்டாக வெட்டுவதுண்டா என்னும் வினாவோ, சோற்றைக் கையால் பிசைந்துண்பார்க்கு வெறும் வேடிக்கை.

இது கற்பனை அச்சமன்று. கிங், புக்ரா என்னும் இருவர் வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் இச்சோதனையை நடத்தி 1989-இல் எழுதியபோது, சில வினாக்களுக்கு வந்த மிகுதியான விடைகள் நோயைக் காட்டுவன அல்ல, வினா வேறு பொருளில் உணரப்பட்டதைக் காட்டுவன என்று கண்டனர். எச்சரிக்கை அன்றே கிடைத்தது. எனினும் அதே படிவம் நாடு நாடாகச் சென்றுகொண்டிருக்கிறது. சென்ற இடமெல்லாம் எண் பெருகுகிறது. எண் பெருகியதைக் கண்டு நோய் பெருகியது என்று எழுதுகின்றனர்.

மறுபுறத்தையும் மறைத்தல் நேர்மையன்று. படிவம் இல்லாத நோயைக் காட்டுவது போலவே, உள்ள நோயைக் காணாமலும் விடும். ஹாங்காங்கில் சிங் லீயும் அவர் குழுவினரும் உண்ணாமை நோயால் வருந்திய சீனர் 70 பேரை ஆய்ந்து 1993-இல் வெளியிட்ட முடிபு இதனைக் காட்டும். அவருள் 41 பேர், அதாவது ஏறத்தாழப் பத்தில் அறுவர், பருத்துவிடுவோம் என்னும் அச்சமே இல்லாதவர். வயிறு உப்புகிறது, பசியில்லை, உணவு செல்லவில்லை என்பனவே அவர் கூறிய காரணங்கள். மேலைநாட்டு இலக்கணப்படி அந்த அச்சம் இல்லையேல் அந்நோயும் இல்லை. ஆனால் உடலோ உருகிக்கொண்டிருந்தது. இலக்கியத்தை வைத்து இலக்கணம் செய்யாமல், இலக்கணத்தை வைத்து இலக்கியத்தைத் தள்ளிய கதை இது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு சில வாயில்களைத் திறந்தது. வரம்பின்றி உண்ணுதலைத் தனி நோயாக ஏற்றது. உடற்பருமன் அச்சமின்றியே உணவைத் தவிர்ப்பார்க்கும் ஓரிடம் அளித்தது.

‘பசிக்கலை’, ‘வயிறு மந்தமா இருக்கு’, ‘வாய்க்குப் பிடிக்கலை’, ‘சோறு இறங்கலை’ என்பன பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்கும் மொழி. இவற்றைச் சொல்லும் பெண்ணுக்குச் சீரகத் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் கிடைக்கும். பெரும்பாலும் அதுவே போதியது. எப்போதேனும் ஒருமுறை அது போதாது.

இனி உணர்ச்சிச் சொற்களுக்கு வருவோர், உளநூலார் படைத்த கருத்தொன்றைச் சந்திக்க நேரும். தன் உணர்ச்சியை இன்னதெனப் பெயரிட்டுரைக்க இயலாமைக்குச் சிப்னியோஸ் என்னும் மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் ‘அலெக்ஸிதைமியா’ எனப் பெயரிட்டார். உணர்வுக்குச் சொல்லின்மை என்பது அதன் பொருள். உண்ணும் கோளாறுடைய பெண்டிரிடம் இது மிகுதி என ஆய்வுகள் பல கூறும். இதனை அளக்க 1994-இல் டொராண்டோவில் இருபது வினாக்கள் கொண்ட அளவுகோல் செய்யப்பட்டது. மருத்துவர்க்கும் விளங்காத உடல் உணர்வுகள் தோன்றுவதுண்டா என்பது அவற்றுள் ஒன்று. ‘உண்டு’ என்றால் சொல்லின்மை ஒரு படி ஏறும்.

தமிழ் வழக்கை அறிந்தார்க்கு இங்கே நகை தோன்றாமல் இராது. தமிழன் உணர்ச்சியை உடலில் வைத்தே பேசுகிறான். பிறர் வாழ்வு கண்டு பொறாதது வயிற்றெரிச்சல். மகப்பேற்றின் மகிழ்வு வயிறு குளிர்தல். மகனை இழந்த தாயின் துயர் பெற்ற வயிறு பற்றியெரிதல். துக்கம் தொண்டையை அடைக்கும், அச்சம் அடிவயிற்றைக் கலக்கும், அவமானம் உடம்பைக் கூசச் செய்யும், வெறுப்பு குமட்டும். இவை சொல்லின்மையின் அடையாளம் அல்ல, சொல்வளத்தின் அடையாளம். ‘வயிறு எரியுது’ என்னும் தாய் தன் உணர்ச்சியை அறியாதவள் அல்லள். கேட்பவர் தமிழறியாதவர் என்பதே உண்மை. அவ்விடையை ஆங்கிலத்தில் மாற்றி, இரைப்பை எரிச்சல் எனக் குறித்துக்கொள்ளும் ஆய்வாளர், உணர்ச்சியையும் இழந்தார், நோயையும் பிழைபட எழுதினார்.

இதனாலேயே டொராண்டோ அளவுகோல் பயனற்றது என முடிப்பாரும் உளர். அவர் கூற்றும் மிகை. உடல்வழிப் பேசும் மொழியில் ஒரு பொந்து உண்டு. துயரை மறைக்க விரும்பும் பெண்ணுக்கு அது புகலிடமாகும். ‘வயிறு சரியில்லை’ என்றால் எவரும் மேலே கேளார். ‘மாமியார் சொன்னது பொறுக்கவில்லை’ என்றால் வீடே கேட்கும். எந்தச் சொல் உணர்ச்சியை வெளியிடுகிறது, எது மூடுகிறது என்பதைச் சொல்லுவோர் முகத்தையும் சூழலையும் கண்டே துணிதல் வேண்டும். ஐந்து கட்டங்களுள் ஒன்றில் இடும் குறி அதனைக் காட்டாது.

நெதர்லாந்துப் படிவத்துக்கும் இத்தகைய குறை உண்டு. அது வேறு வகை. உணர்ச்சி எழுந்தால் உண்ண விருப்பம் கூடுகிறதா என்று மட்டுமே அது கேட்கிறது. குறைகிறதா என்று கேட்பதில்லை. தமிழ் வீடுகளில் சினத்தின் முதல் அடையாளம் உண்ணாமை. கணவனோடு பூசல், ‘எனக்குச் சோறு வேணாம்’ எனக் கதவடைத்துப் படுத்தல். மகள் கேட்ட படிப்புக்குத் தந்தை இசையவில்லை. தட்டு தொடப்படாமல் மேசைமேல் இருக்கும். இஃது உணர்ச்சியால் நேரும் உணவுக் கோளாறா, உரிமை கேட்கும் மொழியா? பெரும்பாலும் மொழியே. பேச்சில் வெல்ல இடமில்லாதவள், உண்ணாமையால் பேசுகிறாள். வீட்டார் வந்து கெஞ்சி ஊட்டும்போது அம்மொழிக்கு விடை கிடைத்துவிடும். எவரும் வந்து கேளாத வீட்டில் அது நோயாக முதிரவும் கூடும். 2003-இல் கெலிப்டரும் அவெர்சாவும் இரு திசையையும் கேட்கும் படிவம் ஒன்றைக் கையாண்டு, துயரின்போது மெலிந்தோர் குறைவாகவும் பருத்தோர் மிகுதியாகவும் உண்பதாகக் கூறுவதைக் கண்டனர். ஒருதிசைப் படிவமே இன்றும் பெருவழக்காயிருப்பது வியப்பு.

அப்படிவம் தான் அளப்பதாகச் சொல்லுவதையேனும் அளக்கிறதா என்பதும் ஐயமே. யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்து அட்ரியான்சேயும் உடனாய்வாளரும் மாணவியரை நாட்குறிப்பு எழுதச் செய்து 2011-இல் வெளியிட்டதிலிருந்து, ‘துயரில் மிகுதியாக உண்பேன்’ என்று படிவத்தில் எழுதியவர், துயருற்ற நாளில் உண்மையில் மிகுதியாக உண்டவர் அல்லர் என்பது தெரிகிறது. அவர்கள் தம் உணவைப் பற்றிக் கவலை மிக்கவர், அவ்வளவே. படிவம் பசியையும் துயரையும் இணைத்துக் காட்டவில்லை; உணவின்மேல் ஒரு பெண் கொண்ட குற்றவுணர்வைக் காட்டிற்று. அந்தோ, அதுவும் ஓர் உணர்ச்சிதானே! படிவத்தின் பதின்மூன்று வினாக்களில் குற்றவுணர்வும் இல்லை, நாணமும் இல்லை.

தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாட்டுள் இளிவரல் ஒன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு அதன் நிலைக்களன். தன்னைத் தானே இழிவாக உணர்தல் என்பதை ஒரு தனி மெய்ப்பாடாக அவர் வைத்தார். நெதர்லாந்துப் படிவத்தார் அதனை மறந்தனர். மெய்ப்பாட்டியலின் பிற்பகுதியில், பிரிவால் வருந்தும் தலைவியின் நிலைகளைத் தொகுக்குமிடத்து, பசி வருத்தவும் அதற்கு இடங்கொடாது நிற்றல், பசலை பரத்தல், உணவு குறைதல், உடல் மிகச் சுருங்குதல், உறக்கம் கொள்ளாமை ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்திருத்தலும் நோக்கத்தக்கது. இளம்பூரணரும் பேராசிரியரும் இதற்கு உரை கண்டுள்ளனர். உள்ளத்தின் துயரும் உண்டியின் குறைவும் உறக்கத்தின் இழப்பும் ஒரு தொடராக நிகழும் என்பதனை அத்தொகுப்பினும் செறிவாகக் கூறல் அரிது.

இதனைக் காட்டி, ‘உளநூல் முழுதும் அன்றே தமிழரிடம் இருந்தது’ என மேடையில் முழங்குவார்க்கு இங்கு இடமில்லை. தொல்காப்பியர் செய்தது செய்யுளிலக்கணம். நோய்க்குறி நூல் அன்று. எந்த நிலை எந்தப் பாட்டில் எந்த வாய்க்குப் பொருந்தும் என வகுத்தாரே தவிர, எத்தனை பெண்கள் இவ்வாறு வருந்தினர் எனக் கணக்கெடுத்தாரல்லர். அன்றியும், இம்மரபு ஒரு தீங்கையும் விளைத்ததுண்டு. மெலிவதும் வளை நெகிழ்வதும் உண்ணாதிருப்பதும் காதலின் அழகாகவே பாடப்பட்டுப் பழகிவிட்டன. வகுப்பில் குறுந்தொகை நடத்தும் ஆசிரியர் தலைவியின் மெலிவை நயம்பட விரித்துரைக்கையில், மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி இரண்டு நாளாக உண்ணாமல் உட்கார்ந்திருக்கலாம். பாட்டில் வருபவளின் மெலிவுக்குக் காரணம் ஒன்றே. அது தலைவன் வந்தால் தீரும். மாணவியின் மெலிவுக்குக் காரணம் பல. எந்தத் தலைவனும் அதைத் தீர்க்கான். பாட்டின் சுவையைக் குறைக்க வேண்டுவதில்லை; அச்சுவையே கண்ணை மறைக்கவும் வேண்டுவதில்லை.

இவ்வகையில் மணிமேகலை ஒருபடி மேற்செல்கிறது. காயசண்டிகையின் யானைத்தீ, எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி. முனிவரின் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டு அதனைச் சுமந்தாள்; ஆதிரை இட்ட பிச்சை ஏற்ற பாத்திரத்தினின்று மணிமேகலை அளித்த உணவால் அது தீர்ந்தது. இதனை இன்றைய நோயோடு பொருத்திப் பெயரிடுதல் பிழை. ஆனால் சாத்தனார் அப்பெண்ணை நகையாடவில்லை என்பது கருதற்குரியது. அளவிறந்து உண்பவள் மேல் எழும் இகழ்ச்சியை அவர் அவள்மேல் ஏற்றாமல், பசியைப் பிணியாகவே பாடினார். இன்றைய தமிழ்த் திரைப்படங்களில் பருத்த பெண் நகைச்சுவைப் பாத்திரமாகவே தோன்றுவதை நோக்க, சாத்தனார் காலத்துக்குப் பின் சென்றிருக்கிறோமா முன் சென்றிருக்கிறோமா என்பது புலப்படும்.

சுபாங் ஜெயாவின் வரலாற்றோடு இதனை இணைத்துக் காண்டல் தகும். 1970-களின் நடுப்பகுதி வரை அந்நிலம் சீபீல்டு ரப்பர்த் தோட்டம். 1976-இல் குடியிருப்பு நகர் எழத் தொடங்கிற்று. 2020-இல் மாநகர் எனும் தகுதி பெற்றது. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அவ்வூரில் உண்டு. மரம் வெட்டப் புலர்காலையில் எழுந்து நடந்த பாட்டிக்கு உடம்பு உழைக்கும் கருவி. தோட்டத்துப் பேச்சில் ‘நல்லா சதை போட்டிருக்கா’ என்பது வாழ்த்து. அவர் பேத்திக்கோ உடம்பு பிறர் பார்வைக்கு வைக்கப்பட்ட பொருள். அதே சொற்றொடர் அவளுக்கு வசை. பாட்டி வாழ்த்துகிறார், பேத்தி அழுகிறாள். இருவர் பேசுவதும் ஒரே தமிழ். வீரேன் சுவாமியும் டோவேயும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கோலாலம்பூர் மக்களின் அழகுக் கருத்து பிரிட்டன் மக்களின் கருத்தோடு ஒத்தும், சபா நாட்டுப்புற மக்களின் கருத்து அதனினின்று வேறாகிச் சற்றுப் பருத்த உடலை விரும்பியும் நின்றமை காணப்பட்டது. ஆகவே பிளவு இனத்துக்கும் இனத்துக்கும் இடையில் இல்லை. தோட்டத்துக்கும் நகருக்கும் இடையில், அதாவது பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் உள்ளது.

பிஜித் தீவில் ஆன் பெக்கர் கண்டதும் இதுவே. தொலைக்காட்சி புகுந்த 1995-இல் பள்ளி மாணவியர் 63 பேரையும், மூன்றாண்டு கழித்து 65 பேரையும் அவர் ஆய்ந்தார். முன்பு நூற்றுக்கு 12.7 ஆக இருந்த உயரெண்ணினர் 29.2 ஆயினர், எடை குறைக்க வேண்டி உண்டதைக் கக்குவோர் முன்பு எவருமில்லை, பின்பு 11.3. கைக்கொண்ட படிவம் மேலே குறைகூறப்பட்ட அதே படிவமே என்பதை மறைத்தல் முறையன்று. ஆயினும் ஒரே ஊரில், ஒரே படிவத்தால், இரு காலத்தில் அளந்தமையால் அதன் வேற்றுமை பொருளுடையதாகிறது. கக்குதல் என்பதும் பொருள் மயங்கும் வினா அன்று. சென்னையில் சீனிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் செய்தது இன்னும் பாராட்டத்தக்கது. வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே ஏற்காது, மருத்துவ மாணவர் 210 பேரிடம் ஆராய்ந்து தாமே வினாக்களை அமைத்தனர். ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் முழு நோயாக முதிராத ‘உண்ணல் துயரம்’ ஒன்றைக் கண்டு 1998-இல் எழுதினர். நோயின் பெயரைக் கடன் வாங்காமல் கண்டதற்குப் பெயரிட்ட துணிவு போற்றற்குரியது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இவ்வழியே செல்லத்தக்கது.

இங்கே இவ்வினா அவசரமாதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேர்க்கு நீரிழிவு. இந்தியரிடையே அது பிற இனத்தாரைவிட மிகுதி. ஆதலால் மருந்தகம் செல்லும் தமிழ்ப்பெண் எவளாயினும் ‘எடையைக் குறையுங்கள்’ என்னும் அறிவுரையோடு திரும்புகிறாள். அறிவுரை சரியே. ஆனால் 1975-இன் பாற்கலவைச் சோதனை கற்பித்ததை அங்கு எவரும் அவளுக்குக் கூறுவதில்லை. சோற்றை முற்றும் விட்டுக் காலை முதல் வெறுந்தேநீரில் நாளைக் கழிப்பவள், இரவில் எல்லோரும் உறங்கியபின் பிள்ளைகள் மிச்சம் வைத்ததை நின்றபடியே உண்டு தீர்ப்பாள். மறுநாள் நாணத்தால் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடப்பாள். அடுத்த முறை எடை பார்த்த செவிலி, ‘வாயைக் கட்டுங்க அம்மா’ என்பார். வாயைக் கட்டியதே வினையாயிற்று என்று சொல்ல அவளுக்குச் சொல் இல்லை. கேட்கும் படிவமும் இல்லை.

பண்டார் சன்வேயிலும் சுபாங் ஜெயாவிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன; உளநூல் கற்கும் தமிழ் மாணவியரும் அங்கு உளர். அவர்கள் ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்க முற்படுங்கால் தமிழாசிரியரிடம் வருதல் நன்று. மொழிபெயர்த்ததை மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தால் போதும் என்பது அத்துறையார் வழக்கம். அதனால் இலக்கணப் பிழை அகலும். வழக்குப் பிழை அகலாது. ‘மனவுளைச்சல்’ என்னும் சொல்லை ஆங்கிலத்துக்கு மாற்றினால் எழுத்துக்கெழுத்துச் சரியாகவே இருக்கும். ஆனால் பூச்சோங்கில் தொழிற்சாலைப் பணிமுடிந்து வரும் பெண் அச்சொல்லைத் தன் வாழ்நாளில் பேசியிருக்கமாட்டாள். ‘மனசு சரியில்லை’, ‘ஒரு மாதிரியா இருக்கு’, ‘வெறுத்துப் போச்சு’ என்பாள். இம்மூன்றும் ஒன்றல்ல, மூன்றுக்கும் மூன்று விதமாக உணவு குறையும் அல்லது கூடும். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதையே வினாவாக வைப்பதும் பயனற்றது. அது நலம் உசாவும் முகமன், அதற்கு விடை எப்போதும் ‘ஆச்சு’ என்பதே. எத்தனை வேளை உண்டாய் என்பதை விட்டு, வீட்டில் யார் கடைசியாக உண்பது, உண்ணும்போது உடன் யார் இருப்பார், எந்த நாளில் சோறு இறங்கவில்லை என வினவினால் மெய் வெளிப்படும்.

மேலே கூறிய புத்ரா மலேசியப் பல்கலைக்கழக ஆய்வில் விடையளித்தோர் யாவரும் 24 அகவைக்கு உட்பட்டோர். பல்கலைக்கழக வாயிலைக் கடந்தோர். பிஜியில் பள்ளி மாணவியர், யூட்ரெக்டில் கல்லூரி மாணவியர், சென்னையில் மருத்துவ மாணவர். ஆராய்ச்சியாளர்க்குக் கைக்கு எட்டுவது வகுப்பறையே ஆதலால் இந்நோயே இளம்பெண்களின் நோய் என ஆகிவிட்டது. நாற்பத்தைந்து அகவையில், எல்லோர்க்கும் பரிமாறியபின், விளக்கை அணைத்துவிட்டு அடுக்களையில் நின்றுண்ணும் தாயை இவற்றுள் எந்தக் கணக்கும் எண்ணவில்லை.